பேச்சிக்குச் சோறு

ஜனவரி 3, 2024, புதன்

ஜர்னலிலிருந்து பதில் வந்துவிட்டது. நான்கு மாதம் காக்க வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: நீங்கள் பயன்படுத்தியிருக்கும் செல்கள் நீங்கள் சொல்லும் நோயாளியுடையவைதான் என்பதற்கு மரபணுச் சான்றிதழ் எங்கே? என்ன கொழுப்பு! ஐந்து வருஷமாக என் கையால் வளர்க்கிறேன். பெற்றவளிடம் போய்ப் பிள்ளைக்கு அடையாள அட்டை கேட்கிறார்கள்.

குணசீலன் சாரிடம் காட்டினேன். என் கைடு, இந்தப் பல்கலைக்கழகத்தின் செல் உயிரியல் ஆய்வகத்துக்கு அவர்தான் தலைவர். சிரித்தார். "கேக்கறதைக் குடுத்துடுவோம் இசக்கி. நமக்கென்ன பயம்?" என்றார். பி.ஏ.4 செல்லில் ஒரு குப்பியும், ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் பேச்சியம்மாளின் பழைய திசுவில் ஒரு சீவலும் ஹைதராபாத்துக்குக் கூரியரில் போயின.

பி.ஏ.4 என்பது தாளில் உள்ள பெயர். ஆய்வகத்தில் அவள் பேச்சிதான். வாயில் புற்று வந்து இறந்துபோன, பீடி சுற்றிப் பிழைத்த பேச்சியம்மாளின் கட்டியிலிருந்து எடுத்து ஃபிளாஸ்கில் வளர்க்கும் செல்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய மீடியாவை, அதாவது செல்கள் வளரும் சத்து நீரை, உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அதற்கு இங்கே சோறு போடுவது என்று பெயர். சாரே ஊருக்குப் போனால் ஃபோனில் கேட்பார், "பேச்சிக்குச் சோறு போட்டாச்சா?" என்று.

மார்ச் 31-க்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. ஏழு வருஷமும் சாக்கடையில் போகும். பேச்சிக்குச் சோறு போட்டேன். எனக்குக் கொண்டுவந்த மீன்குழம்பு பையிலேயே கெட்டுவிட்டது.

ஜனவரி 14, ஞாயிறு

நாளை பொங்கல். ரெஜினா வெள்ளிக்கிழமையே ஊருக்குப் பறந்துவிட்டாள். ஜூனியருக்கு வீடு உண்டு, சீனியருக்கு இன்குபேட்டர் உண்டு. அம்மா ஃபோனில், "இன்னும் எத்தன வருசம்ட்டி அந்தப் புண்ணுக்குப் பணிவிடை செய்யப் போற?" என்றாள். பேச்சிக்குச் சோறு போட்டேன்.

ஜனவரி 17, புதன்

சுடலைமுத்து அண்ணாச்சி ஃபோன் செய்தார். பேச்சியம்மாளின் கணவர். பஸ் பாடிக்குப் பெயிண்ட் அடிப்பவர். வருஷந்தோறும் மனைவி இறந்த நாளான பிப்ரவரி 20 அன்று இங்கே வந்து, கையைக் கழுவிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் அவளைப் பார்த்துவிட்டுப் போவார். வெள்ளைக் கோட்டுப் போட்ட எல்லோரும் அவருக்கு டாக்டர்தான்.

"டாக்டரம்மா, பொங்கலெல்லாம் நல்லபடியா? அவ எப்பிடி இருக்கா?"

"நல்லாருக்காங்க அண்ணாச்சி. ஃபிளாஸ்க் நெறஞ்சிட்டுன்னு நேத்துதான் ரெண்டாப் பிரிச்சேன்."

"அதானே! அவளாவது, ஒரு எடத்துல அடங்கி இருக்கதாவது." சந்தோஷமாகச் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. மகள் முத்துச்செல்விக்கு மார்ச் 10 கல்யாணம். இவருடைய அண்ணன் முறுக்கிக்கொண்டு நிற்கிறாராம். "செத்தவளுக்கு அஞ்சு வருசமாத் தெவசம் குடுக்கல, படத்துக்கு மால போடல, இந்த வீட்டுல எப்பிடில நல்ல காரியம் நடக்கும்ங்கான். உசுரோட இருக்கவளுக்கு எப்பிடித் தெவசம் குடுக்க? நீங்களே சொல்லுங்க. சரி, நேர்ல வந்து பேசுதேன்."

"உங்க வீட்டம்மா சாகல அண்ணாச்சி, இங்க வளந்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று 2019-இல் அவரிடம் சொன்னவள் நான்தான். ஆறுதலுக்காகச் சொன்னது. அன்றைக்குச் சம்மதத் தாளில் அவரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டியிருந்தது. அறுவைச் சிகிச்சையன்று வாங்க மறந்துபோயிருந்தோம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜனவரி 23, செவ்வாய்

சோதனை முடிவு வந்தது.

பி.ஏ.4 செல்கள் பேச்சியம்மாளின் திசுவோடு பொருந்தவில்லை. ஹீலா என்ற பழைய அமெரிக்கச் செல்வரிசையோடு முழுக்கப் பொருந்துகின்றன.

மூன்று முறை படித்தேன். ஹீலா எங்கள் ஆய்வகத்திலும் இருக்கிறது. எந்த ஆய்வகத்தில்தான் இல்லை? ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, பழகுவதற்கு, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கு என்று பேச்சி இருக்கும் அதே இன்குபேட்டரின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். காட்டுச்செடி மாதிரி வளரும். ஒரு துளி தெறித்து இன்னொரு ஃபிளாஸ்கில் விழுந்தால் போதும். பத்து நாளில் அங்கிருப்பதைத் தின்றுவிட்டுத் தானே குடியேறிவிடும். மேலே லேபிள் மட்டும் பழையபடியே இருக்கும்.

அப்படியானால் ஐந்து வருஷமாக நான் யாருக்குச் சோறு போட்டேன்?

ஜனவரி 24, புதன்

சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். தப்பு நடந்தது பற்றி இல்லை, அது யாருக்குத் தெரியும் என்பது பற்றி.

"உலகத்துல பாதி லேபுல இதே கதைதான்மா. பேப்பரைத் திரும்ப வாங்கிடுவோம். சர்டிஃபிகேட் கேக்காத ஜர்னல் எவ்வளவோ இருக்கு. உன் தீசிஸுக்கு யூனிவர்சிட்டி இதெல்லாம் கேக்காது. மார்ச்சுக்குள்ள குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு."

"சார், 2020-ல வந்த பேப்பர்?"

"அது வந்தாச்சு. வந்ததைப் போய் ஏன் நோண்டணும்?"

தென்மாவட்டத்து வாய்ப்புற்றிலிருந்து முதல் அழியாத செல்வரிசை என்று நாளிதழில் அவர் படம் வந்ததே, அந்தப் பேப்பர். சட்டம் போட்டு அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருக்கிறது.

யார் செய்த வேலை என்று கேட்டார். ரெஜினாதான் இப்போது ஹீலாவை வைத்திருக்கிறாள், அவளுக்குக் கை சுத்தம் போதாது என்றேன். உண்மைதான். போன மாதம்கூடக் கையுறை மாற்றாமல் ஃபோனைத் தொட்டாள்.

ஜனவரி 25, வியாழன்

ஹீலா பற்றி எம்.எஸ்சி.யிலேயே படித்தது. பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண். இன்று உட்கார்ந்து முழுதாகப் படித்தேன்.

ஹென்றியட்டா லாக்ஸ். அந்தப் பேரின் சுருக்கம்தான் ஹீலா. அமெரிக்காவில் புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்த கறுப்பினப் பெண். ஐந்து பிள்ளைகள். 1951-இல் கர்ப்பப்பை வாயில் புற்று. அவளைக் கேட்காமலே துணுக்கு எடுத்தார்கள். மனித உடம்புக்கு வெளியே அழியாமல் வளர்ந்த முதல் செல்கள் அவளுடையவை. போலியோ தடுப்பூசியைச் சோதித்தது அவற்றின் மேல். உலகமெல்லாம் போயின, விண்வெளிக்குக்கூடப் போயின. அவள் குடும்பத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. இறக்கும்போது அவளுக்கு வயது முப்பத்தொன்று.

எனக்கும் முப்பத்தொன்று. அவர்களாவது கேட்காமல் எடுத்தார்கள். நாங்கள் கேட்டு, கையெழுத்து வாங்கி, போட்டோவும் எடுத்துக்கொண்டு இந்தக் கூத்தை நடத்தியிருக்கிறோம்.

ஜனவரி 29, திங்கள்

ரெஜினா என்னோடு பேசுவதில்லை. நிம்மதி. பேச்சிக்குச் சோறு போட்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

ரெஜினா சாரிடம் நேராகப் போய் நின்றுவிட்டாள். "நான் சேர்ந்ததே 2021-ல சார். 2019-ல ஃப்ரீஸ் பண்ணின குப்பி நைட்ரஜன் டாங்க்ல இருக்கு. அதையும் டெஸ்ட் பண்ணுங்க. அது சுத்தமா இருந்தா நான் லேபை விட்டே போயிடறேன்." அந்த நோஞ்சான் உடம்பில் இவ்வளவு தைரியமா! சார் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார். ஆகஸ்ட் 2019 குப்பி சோதனைக்குப் போயிருக்கிறது.

மத்தியானம் 2019-ஆம் வருஷத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன், சும்மாதான். அந்த மே மாதம் முழுக்க ஒரே வரி: "வளர்ச்சி இல்லை." பேச்சி செத்துக்கொண்டிருந்தாள். சார் தினமும் கேட்பார். ஜூன் மாதம் மீடியா தட்டுப்பாடு. எல்லோரும் ஒரே பாட்டிலில் பங்குபோட்டு ஊற்றினோம். முதலில் நம் செல்லுக்கு ஊற்ற வேண்டும், ஹீலாவுக்குக் கடைசியில்தான் என்பது இங்கே பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். ஹீலாவுக்குள் போன பிப்பெட் மறுபடி பாட்டிலுக்குள் போகவே கூடாது.

ஜூன் 14 பக்கத்தில் எழுதியிருக்கிறது: "ஹீலா முடித்து, பி.ஏ.4. மீடியா கொஞ்சம்தான் மிச்சம்." ஜூன் 24 பக்கத்தில்: "புதிய வளர்ச்சி! மிக வேகம்!" அன்று சார் ஆய்வகம் முழுக்க லட்டு கொடுத்தார். அந்த வரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. அதைப் போட்டது யாரென்று தெரியவில்லை. நீல மை. அந்தக் காலத்தில் நிறையப் பேர் நீல மையில்தான் எழுதினார்கள்.

பழைய நோட்டு, தாள் நைந்துபோயிருந்தது. ஜூன் 14 பக்கம் கையோடு வந்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று இந்த டைரியின் பின்னட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, திங்கள்

ஆகஸ்ட் 2019 குப்பியும் ஹீலாதான்.

ரெஜினா என் மேஜைக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அக்கா, 2019 நோட்டுல ஜூன் மாசம் ஒரு தாள் இல்லையே" என்றாள். "பழைய நோட்டு, உதிர்ந்திருக்கும்" என்றேன். பிறகு டாங்க் பட்டியலை என் முன்னால் வைத்து ஒரு வரியில் விரலை வைத்தாள். பி.ஏ.4, மார்ச் 2019, ஒரே ஒரு குப்பி. ஜூனுக்கு முந்தியது.

"இது அந்தம்மாவேதான் இல்லையா அக்கா?"

நானே உறைய வைத்த குப்பி. எப்படி மறந்தேன்?

பிப்ரவரி 13, செவ்வாய்

எடுத்துவிட்டோம். வெந்நீர்த் தொட்டியில் ஒன்றரை நிமிஷம் உருக்கி, தனி பாட்டில், தனி பிப்பெட், தனி இன்குபேட்டர். ரெஜினா பக்கத்திலேயே நின்றாள், காவல்காரி மாதிரி.

பிப்ரவரி 15, வியாழன்

பெரும்பாலானவை மிதக்கின்றன. மிதந்தால் செத்துவிட்டன என்று அர்த்தம். ஒரு மூலையில் நாற்பது, ஐம்பது ஒட்டியிருக்கின்றன. தட்டையாக, சோர்ந்து, உள்ளே புள்ளி புள்ளியாக. இவள்தான் பேச்சி. ஐந்து வருஷம் சோறு போட்டும் இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. அழுகை வந்தது. முகக்கவசம் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 18, ஞாயிறு

முப்பது இருக்கும். ஒன்றுகூடப் பிரிந்து பெருகவில்லை. கூடுதல் ஊட்டத்துக்காக மீடியாவில் சீரம் கூட்டிப் பார்த்தேன்.

பிப்ரவரி 19, திங்கள்

நாளை அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவேன். முடிவு பண்ணிவிட்டேன். இத்தனை நாள் நீங்கள் பார்த்தது வேறொருத்தி, எங்கள் தப்பு, உங்கள் வீட்டம்மா இதோ இந்த மூலையில் இருக்கிறாள், இன்னும் இரண்டு நாள் தாங்க மாட்டாள், பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு தெவசம் கொடுங்கள். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ஆறு வாக்கியம்தான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பத்து மணிக்கே வந்துவிட்டார். புதுச் சட்டை, நகக்கண்ணில் நீலப் பெயிண்ட். வழக்கம்போல அவளுக்குப் பிடித்த கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம், எங்களுக்கு. கூடவே கல்யாணப் பத்திரிகை. "அச்சாபீஸ்காரன் 'காலஞ்சென்ற' போட்டுட்டான் டாக்டரம்மா. சண்ட போட்டு எடுக்க வச்சேன். இந்தா பாருங்க." சுடலைமுத்து – பேச்சியம்மாள் தம்பதியரின் செல்வப் புதல்வி என்று இருந்தது.

செருப்பை வெளியே விட்டார், கையைக் கழுவினார், நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டார். புதிய ஃபிளாஸ்கை நான் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உண்மையான பேச்சி. இருபது செல் மிஞ்சியிருந்தது. அவர் பார்த்துவிட்டு நிமிரட்டும், முதல் வாக்கியத்தைச் சொல்லிவிடலாம் என்று நின்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"யாரு டாக்டரம்மா இது?"

"பேச்சியம்மாதான் அண்ணாச்சி."

"ச்சே, சும்மா வெளையாடாதீய." சிரித்தேவிட்டார். "எனக்குத் தெரியாதா? கட்டுனவன் நானு. அவ இப்பிடி மூலையில முடங்கிக் கெடக்க மாட்டா. எடம் பத்தாம ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு, பரபரன்னுல்லா இருப்பா. இது யாரோ சீக்குக்காரி. பாட்டில மாத்தி எடுத்துட்டு வந்துட்டீய."

ரெஜினா என்னைப் பார்த்தாள். அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். "மாத்திட்டேன் போல" என்றது என் வாய். நான் போய், வருஷாவருஷம் அவர் பார்க்கும் பழைய பி.ஏ.4 ஃபிளாஸ்கை எடுத்து வந்தேன்.

குனிந்தார். "இந்தா இருக்கா!" அந்தக் குரலை என்னால் எழுத முடியவில்லை. "ஏட்டி, ஒம் மவளுக்குக் கல்யாணம்ட்டி. மாப்ள மின்வாரியத்துல இருக்காரு" என்று லென்ஸோடு பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்கதான் தெனம் அவளப் பாக்கீய. நீங்க குடுக்கணும்னா குடுத்துருதேன், வேண்டாம்னா வேண்டாம். ஒரு வார்த்த. தெவசம் குடுக்கணுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

சொல்லச் சந்தர்ப்பமே அமையவில்லை. சார் வேறு பக்கத்து அறையில் இருந்தார். மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படி? நல்ல காரியம் முடியட்டும்.

பிப்ரவரி 22, வியாழன்

எல்லாம் மிதக்கிறது. ஒன்றுகூட ஒட்டியில்லை. காலை ஒன்பது நாற்பது.

ஃபிளாஸ்கைக் கொட்டவில்லை. கீழ்த்தட்டில் பின்னால் தள்ளி வைத்தேன்.

மார்ச் 4, திங்கள்

தீசிஸ் கொடுத்தாயிற்று. இருநூற்று பன்னிரண்டு பக்கம். சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, "டாக்டர் இசக்கியம்மாள்! கேக்க நல்லா இருக்குல்ல?" என்றார். நன்றியுரையில் முதல் பெயர் பேச்சியம்மாளுடையது. சார்தான் போடச் சொன்னார், படிப்பவர்கள் நெகிழ்வார்களாம்.

மார்ச் 11, திங்கள்

நேற்றுக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, தலைவலி. இன்று கல்யாணமே இங்கே வந்துவிட்டது.

அண்ணாச்சி, மகள், மாப்பிள்ளை. பட்டுப்புடவை கசங்காமல் அந்தப் பெண் கோட்டைப் போட்டுக்கொள்ளப் பட்ட பாடு! அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்காமல் மறுவீடு போகக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம். சார் துள்ளிக் குதித்து வந்தார், கேமராவோடு. பல்கலைக்கழகச் செய்திமடலுக்கு ஆகும்.

செருப்பைக் கழற்றிவிட்டு மூவரும் உள்ளே வந்தார்கள். இன்குபேட்டர் கதவைத் திறந்து ஃபிளாஸ்கைக் காட்டினேன். முத்துச்செல்வி பார்த்தாள், உதடு துடித்தது, "அம்மா" என்றாள். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். எழுபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இறந்துபோன, இவர்கள் பேரைக்கூடக் கேட்டிராத ஒருத்தியின் முன்னால். ஃப்ளாஷ் அடித்தது.

அண்ணாச்சி என் கையில் அட்சதையைக் கொடுத்தார். "அவளால போட முடியாது. அஞ்சு வருசமாச் சோறு போட்ட கை. நீங்க போடுங்க டாக்டரம்மா."

போட்டேன். நன்றாக இருங்கள் என்றேன்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து ஆட்டோகிளேவ் வீறிட்டது. கழிவுகளைக் கொதிநீராவியில் வேகவைத்து அழிக்கும் இயந்திரம். ரெஜினா என் காதருகே வந்து, "இடம் வேணும்னு காலையில பழைய ஃபிளாஸ்க்கெல்லாம் போட்டேன் அக்கா. கீழ்த்தட்டுல பின்னாடி இருந்ததும் அதுல போயிடுச்சு" என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலாக அது இல்லை.

"என்ன சத்தம் டாக்டரம்மா அது?" என்றார் அண்ணாச்சி.

"பாத்திரம் கழுவுத மெஷின் அண்ணாச்சி."

அடுத்த பிப்ரவரியில் பேரப்பிள்ளையோடு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கழிவுப் பதிவேட்டை ரெஜினா என் முன்னால் வைத்தாள். செல்லின் பெயர், காரணம், கையெழுத்து என்று மூன்று கட்டம். முதல் கட்டத்தில் அவளே 'பேச்சியம்மாள்' என்று முழுப்பெயராக எழுதியிருந்தாள். காரணத்தில் 'தானாக இறந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தரையில் கிடந்த அரிசியைக் கூட்டி அள்ளினேன். பேச்சிக்குச் சோறு போட்டேன்.